பசியைக் கூட்டும் மாத்திரை, பசியை அடக்கும் ஊசி: பழி மட்டும் ஏன் ஒரு பக்கம்?

கொஞ்சம் நீளமான இழை இது. பொறுமையா படிங்க. வீட்டில் மனநல மாத்திரை சாப்பிடுறவர் இருந்தா கட்டாயம் படிங்க.

இப்போ எல்லாரும் கேக்கிறது எடை குறைக்கும் ஊசி பற்றித்தான். சென்னை, பெங்களூரில் மட்டும் இல்ல, நான் இருக்கிற அதியமான்கோட்டைப் பக்கமும் கேக்கறாங்க. மவுஞ்சாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. வீகோவி அதே வருஷம் ஜூனில். செமாக்ளூடைடு மருந்துக்கு இங்கே காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். அதுக்கப்புறம் நம்ம நாட்டுக் கம்பெனிகள் மலிவாகக் கொண்டு வரலாம். அதனால் "சார், அந்த ஊசி எப்போ நமக்குக் கட்டுப்படியாகும்?"னு கேக்கிற கூட்டம் இன்னும் கூடும்.

ஊசி பற்றிச் சொல்றேன். அதுக்கு முன்னாடி, அதே ஊரில், அதே தெருவில், யாரும் கேள்வி கேக்காத இன்னொரு கூட்டம் இருக்கு. பசியைக் கூட்டும் மருந்து சாப்பிடுறவங்க.

மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு மாதிரியான நோய்களுக்குக் கொடுக்கிற ஓலன்சபின், குளோசபின். வலிப்புக்கும் மனநிலைக் கோளாறுக்கும் தர்ற வால்ப்ரோயேட். மனச்சோர்வுக்கு மிர்டாசபின். மூட்டுவாதம், ஆஸ்துமா, தோல் நோய்னு பல இடத்தில் வர்ற ஸ்டீராய்டு. சுகருக்கான இன்சுலினும் கிளிமிபிரைடும் கூட எடையைக் கொஞ்சம் ஏத்தும். இதில் ஓலன்சபின், குளோசபின் ரெண்டும்தான் முதல் வரிசை.

இவை பசியை எப்படிக் கூட்டுது? மூளையில் "போதும்" என்று சொல்ற வேலையில் ஹிஸ்டமின், செரடோனின் என்ற ரெண்டு வேதிப்பொருளுக்கும் பங்கு உண்டு. ஓலன்சபின் அந்த ரெண்டோட ஏற்பிகளையும் அடைக்குது. வயிறு நிறைஞ்சிருக்கும், ஆனா அந்தச் செய்தி சரியா போய்ச் சேராது. சாப்பிட்டு எழுந்த அரை மணி நேரத்தில் மறுபடியும் பசிக்கும். அது நடிப்பு இல்ல, நிஜப் பசி.

புது ஊசி செய்யறது இதுக்கு நேர் எதிர். சாப்பிட்டதும் நம்ம குடலே ஜிஎல்பி 1 என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது ரத்தத்தில் ரெண்டு நிமிஷம் கூடத் தாக்குப் பிடிக்காது. அதே வேலையைச் செய்யும் செமாக்ளூடைடு ஒரு வாரம் நிக்கும்படி வடிவமைக்கப்பட்டது. "போதும்" என்ற செய்தி நாள் முழுக்க ஓடிக்கிட்டே இருக்கும். ஊசி போட்டவங்க சொல்றது இதுதான்: "சார், சாப்பாட்டு நினைப்பே வரலை."

இப்போ என் கேள்வி. ஊசி போட்டு 10 கிலோ குறைச்சவரைப் பார்த்து "மருந்து வேலை செய்யுது"ன்னு சொல்றோம். ஓலன்சபின் சாப்பிட்டு 10 கிலோ ஏறினவரைப் பார்த்து "வாயைக் கட்டத் தெரியலை"ன்னு சொல்றோம். ரெண்டிலும் பசியை மாத்தினது மருந்துதானே? ஒருத்தருக்கு அது விஞ்ஞானம், இன்னொருத்தருக்கு அது குணக்கேடா?

"மத்ததுக்கெல்லாம் புத்தி வேலை செய்யாது, திங்கிறதுக்கு மட்டும் நல்லா வேலை செய்யும்." இதைப் பெத்தவங்க வாயால, அந்தப் பிள்ளை பக்கத்துல உக்காந்திருக்கும்போதே கேட்டிருக்கேன். வேணும்னே சொல்றது இல்ல, வருஷக்கணக்கா பார்த்துக்கிட்டதில் வர்ற அலுப்பு. ஆனா அந்த வார்த்தைதான் மாத்திரையை நிறுத்த வைக்குது.

நடக்கிற விதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். நோய் முத்தி, தூங்காம, சாப்பிடாம, எலும்பும் தோலுமா ஒரு பையன் வருவான். மாத்திரை ஆரம்பிச்சதும் தூங்குவான், சாப்பிடுவான். முதல் ரெண்டு மாசம் வீட்டில் ஒரே சந்தோஷம். "தேறிட்டான் சார், கன்னமெல்லாம் வெச்சிருக்கு." நம்ம ஊரில் உடம்பு ஏறினா அது குணமானதுக்கு அடையாளம். அதனால அந்த ரெண்டு மாசம் யாரும் தராசு பக்கம் போறதில்ல. ஆறாவது மாசம் பழைய சட்டை எதுவும் போடமுடியாது. ஒரு கல்யாணத்தில் சொந்தக்காரப் பையன் யாராவது கேலி பண்ணுவான். அன்னைக்கு ராத்திரியிலிருந்து மாத்திரை தலையணைக்கு அடியில் போகும். அடுத்த ரெண்டு மூணு மாசத்தில் நோய் திரும்பி வரும்.

2005-ல் அமெரிக்காவில் வெளியான கேட்டி ஆய்வில் மனச்சிதைவு உள்ள கிட்டத்தட்ட 1,500 பேரை 18 மாசம் வரை கவனிச்சாங்க. ஓலன்சபின் எடுத்தவங்களுக்கு மாசம் சராசரியா 900 கிராம் எடை ஏறுச்சு. மத்த மாத்திரைகளை விட அதைத்தான் அதிக நாள் தொடர்ந்தாங்க என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். அதாவது, மருந்து நல்ல மருந்து. ஆனா எடை, சுகர், கொழுப்புப் பிரச்சினையால விட்டவங்களும் அதிலதான் அதிகம். அதனால "ஓலன்சபின் மோசம், நிறுத்துங்க"ன்னு யாராவது ரீல்ஸ் போட்டா நம்பாதீங்க. நிறுத்தினா என்ன ஆகும்னு அந்த ரீல்ஸ்காரர் வந்து பார்க்கப் போறதில்ல.

கடுமையான மனநோய் உள்ளவங்க மத்தவங்களை விட 10 முதல் 20 வருஷம் முன்னாடியே இறந்து போறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. தற்கொலை அதில் ஒரு பகுதிதான். பெரும்பகுதி இதய நோய், சுகர் மாதிரி உடம்பு நோய்களால. மனசுக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் உடம்பையும் பார்க்காததன் விலை அது.

என் கருத்து நேரடியா: மனநல மாத்திரை எழுதும் ஒவ்வொரு அறையிலும் ஒரு எடை மெஷினும் ஒரு டேப்பும் இருக்கணும். மாத்திரை ஆரம்பிக்கும் நாளில் எடை, இடுப்புச் சுற்றளவு, பிரஷர், சுகர், கொழுப்பு. முதல் 6 வாரம் வாரம் ஒருமுறை எடை. பிறகு 3 மாசத்தில் மறுபடி எல்லாம். இதுக்கு ஸ்பெஷலிஸ்ட் வேண்டாம், கோடிக்கணக்கில் பணமும் வேண்டாம். நம்ம மக்களுக்கு இடுப்பு அளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினாலே எச்சரிக்கை. டாக்டர் எடை பார்க்கலைன்னா நீங்களே கேளுங்க. "சார், எடை பார்த்து சீட்டில் எழுதிக் கொடுங்க"ன்னு கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

முதல் ஒரு மாசத்திலேயே எடை வேகமா ஏறினா, அப்பவே போய்ச் சொல்லுங்க. வழி இருக்கு. எடை அதிகம் ஏத்தாத வேற மருந்துக்கு மெதுவா மாத்தலாம். அல்லது மெட்பார்மின் சேர்க்கலாம். சுகருக்கு எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தர்ற அதே மெட்பார்மின்தான். சுகர் இல்லாதவங்களுக்கும் இந்த எடை ஏற்றத்தைச் சில கிலோ தடுக்கும். ஏறின பிறகு இறக்குறதை விட, ஏறும்போதே தடுக்கிறது பல மடங்கு சுலபம். ஆனா இதை மருத்துவர்தான் முடிவு செய்யணும். பக்கத்து வீட்டு மாத்திரையை எடுத்துப் போடாதீங்க.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

பசி நிஜம்னு ஒத்துக்கிட்டா, வீட்டில் செய்ய வேண்டியது மாறும். அடுக்களைக்குப் பூட்டு போடறதை நான் பார்த்திருக்கேன். வேண்டாம். அது அவமானம், பலனும் இல்ல. பைபாஸ் பக்கம் போனா விடிய விடிய பரோட்டா கிடைக்கும். பூட்டுறதுக்குப் பதிலா வீட்டில் என்ன இருக்குன்னு மாத்துங்க. மிக்சரும் பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கி வைக்காம, அவிச்ச கடலை, தட்டப்பயறு சுண்டல், வெள்ளரி, கொய்யா, மோர்னு வைங்க. ராத்திரி பதினோரு மணிக்குப் பசிச்சு எழுந்தா கைக்கு எட்டுறது எதுவோ அதைத்தான் யாரும் சாப்பிடுவாங்க. நானும் நீங்களும் உட்பட.

ஒரு முக்கியமான விஷயம், பலருக்குத் தெரியாது. இந்த மாத்திரைகளில் சிலது வாயை வறட்சியாக்கும். தாகம்னு சொல்லி டீ, கூல்டிரிங்க்ஸ்னு இறங்கும். ஒரு நாளைக்கு 6 டீ, டீக்கு 2 ஸ்பூன் சர்க்கரைன்னு வைங்க. 12 ஸ்பூன், அதாவது சுமார் 60 கிராம், 240 கலோரி. சாப்பாட்டில் கையே வைக்காம, டீயில் மட்டும் இவ்வளவு. நான் முதலில் கேக்கிற கேள்வி எப்பவும் "எத்தனை டீ?" என்பதுதான். தண்ணியும் உப்புப் போட்ட நீர்மோரும் போதும் (பிரஷர் இருந்தா உப்பும் வேண்டாம்).

அடுத்து களி. தருமபுரிக்காரங்ககிட்ட களியைப் பற்றி ஏதாவது சொன்னா சண்டைக்கு வருவாங்க, தெரியும். நானும் களி ஆள்தான். ஆனா "களி சாப்பிட்டா எடை ஏறாது, சுகர் ஏறாது" என்பது பாதி உண்மை. ராகியில் நார்ச்சத்து அதிகம், கால்சியம் அரிசியை விடப் பல மடங்கு. அதெல்லாம் சரி. ஆனா 100 கிராம் ராகி மாவில் 320 கலோரி இருக்கு, புரதம் வெறும் 7 கிராம். அதாவது புரதத்தில் அரிசிக்கும் ராகிக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. இன்னொன்னு, களியை நாம மெல்றதில்ல, உருட்டி முழுங்கறோம். வயிறு நிறைஞ்ச சேதி மூளைக்குப் போக இருபது நிமிஷமாவது வேணும். அஞ்சு நிமிஷத்தில் ரெண்டு உருண்டை உள்ளே போயிடும். அந்தச் சேதியே சரியா போகாத மாத்திரை சாப்பிடுறவருக்கு இது இன்னும் சிக்கல்.

அதனால, களியை நிறுத்தச் சொல்லலை. ஒரு உருண்டை. கூட ஊத்துற குழம்பு வெறும் புளித்தண்ணியா இல்லாம கொள்ளுக் கடைசலாவோ மொச்சைக் குழம்பாவோ இருக்கட்டும். கொள்ளில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம். களிக்கு முன்னாடி ஒரு கிண்ணம் கீரையோ காயோ சாப்பிட்டுட்டு உருண்டையைத் தொடுங்க. (தேய்பிறை அஷ்டமிக்குக் காலபைரவர் கோயில்ல சாம்பல் பூசணியில் விளக்கு ஏத்துறோமே, அதே பூசணியை வீட்டில் கூட்டு வெச்சும் சாப்பிடலாம். வயிறு நிறையும், கலோரி ரொம்பக் கம்மி. நோய் தீர விளக்கு ஏத்துறவங்களை நான் தடுக்கிறதில்ல. மாத்திரையையும் போட்டுட்டு ஏத்துங்க.)

இடையில் ஒரு வார்த்தை. ஒல்லியா இருக்கிற பசங்க, பொண்ணுங்க கல்யாணத்துக்கு முன்னாடி "உடம்பு ஏற" மெடிக்கல்ல மாத்திரை வாங்கறாங்க. அதில் பெரும்பாலும் சிப்ரோஹெப்டடின், சில இடத்தில் கூடவே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. முகம் உப்புவதைச் சதை பிடிச்சதா நினைக்காதீங்க. மாசக்கணக்கில் சாப்பிட்டிருந்தா திடீர்னு நிறுத்தவும் கூடாது, அட்ரீனல் சுரப்பி தூங்கிப் போயிருக்கும். மருத்துவரைப் பார்த்துப் படிப்படியா குறைக்கணும்.

இப்போ ஊசி.

ஊசிக்கு நான் எதிரி இல்ல. 2021-ல் வெளியான ஆய்வில் செமாக்ளூடைடு 68 வாரத்தில் சராசரியா 15% எடையைக் குறைச்சது. டிர்செபடைடு அதை விடவும் கூட. ஓலன்சபின், குளோசபின் சாப்பிடுறவங்களுக்கே இந்த வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்திருக்காங்க. 2017-ல் டென்மார்க்கில் லிராகுளூடைடு கொடுத்து 16 வாரத்தில், மருந்தில்லாத ஊசி போட்டவங்களை விட சுமார் 5 கிலோ அதிகமா குறைஞ்சது. விலை இறங்கினா முதலில் போய்ச் சேர வேண்டிய கூட்டத்தில் இவங்களும் உண்டுன்னு நினைக்கிறேன். ரிசப்ஷன் போட்டோவுக்கு 5 கிலோ குறைக்க வர்றவங்களுக்கு முன்னாடி.

ஆனா பசி போறது பாதி கதைதான். குறையற எடை எல்லாம் கொழுப்பு இல்ல. அதே 2021 ஆய்வில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தவங்களுக்கு, குறைஞ்ச எடையில் சுமார் 40% கொழுப்பல்லாத திசு, தசை உட்பட. நம்ம ஊரில் இது இன்னும் கவலை. இந்தியர்கள் கலோரியில் சுமார் 62% மாவுச்சத்திலிருந்தும் 12% மட்டும் புரதத்திலிருந்தும் எடுக்கறாங்கன்னு ஐசிஎம்ஆர் ஆய்வு 2025-ல் சொல்லிச்சு. தட்டு சின்னதானா முதலில் எது காணாம போகும்? பருப்பும் முட்டையும் காயும். "ரெண்டு வாய் சோறு, ரசம், போதும் சார்"னு எழுந்துடறாங்க. ஊசி போடறவங்களுக்கு நான் சொல்றது இதுக்கு நேர் தலைகீழ்: சோறு கடைசியில். முதல் வாய் முட்டை, மீன், கோழி, பனீர், பருப்பு. கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையாம புரதம் (கிட்னி பிரச்சினை இருந்தா டாக்டரைக் கேட்டு). பசிக்கலைன்னாலும் மூணு வேளை. நடை மட்டும் போதாது. நாற்காலியில் கை ஊன்றாம உக்காந்து எழுந்திருங்க, தண்ணிக் குடம் தூக்குங்க, தசைக்கு வேலை கொடுங்க.

நிறுத்தினா பசி திரும்பி வரும். ஊசியை விட்ட ஒரு வருஷத்தில் இழந்த எடையில் மூணில் ரெண்டு பங்கு திரும்ப ஏறினதையும் ஆய்வில் பார்த்தாங்க. மவுஞ்சாரோ அறிமுகமானப்போ 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய், வாரத்துக்கு ஒண்ணு. மூணு மாசம் கடன் வாங்கிப் போட்டுட்டு நிறுத்தற திட்டம் இருந்தா, ஆரம்பிக்காதீங்க.

கடைசியா, இந்தப் பக்கத்து மக்களுக்கு ரொம்ப அவசியமானது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்னைக்குப் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கிச்சு. சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது, நல்ல விஷயம். ஆனா ஊசியை எங்கேயோ டவுனில் ஒரு தனியார் டாக்டர் எழுதுவார். வீட்டில் கிளிமிபிரைடு ஓடிக்கிட்டு இருக்கிறது அவருக்குத் தெரியாது. பாதி சாப்பாடு, முழு மாத்திரை, மேலே ஊசி. சுகர் தடால்னு இறங்கும். வேர்வை, கை நடுக்கம், குழப்பமான பேச்சு வந்தா உடனே மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில் கலந்து கொடுங்க. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி சுகர் பாருங்க. மயங்கிட்டா வாயில் எதுவும் ஊத்தாம 108-க்கு அடிங்க. ஊசி ஆரம்பிக்கிற அன்னைக்கே வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துட்டுப் போய் டாக்டர் மேசையில் கொட்டுங்க. மனநல மாத்திரையையும் சேர்த்து. அதை மறைக்காதீங்க.

இன்பாக்ஸில் கேட்டவங்களுக்கு: கர்ப்பத்துக்கு முயற்சி பண்றவங்களுக்கு ஊசி வேண்டாம், முன்னாடியே நிறுத்திடணும். கணைய அழற்சி வந்தவங்க, குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் உள்ளவங்க டாக்டர்கிட்ட சொல்லாம தொடாதீங்க. ஆபரேஷன் இருந்தா மயக்க மருந்து டாக்டரிடம் ஊசி போடறதைச் சொல்லியே ஆகணும், வயிறு மெதுவா காலியாகும். மனநல மாத்திரையை விட்டுட்டு வீட்டில் ஒருத்தர் தூங்காம இருக்காருன்னா டெலிமனஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.