மனப்பாடம் போதுமா?

நாமக்கல் சதுரங்கப் போட்டிக்குச் சேலத்திலிருந்து சென்ற நாங்கள், 'ருய் லோபஸ்' தொடக்கத்தின் பத்து நகர்த்தல்களை மனப்பாடம் செய்திருந்தோம். 1561-இல் சதுரங்க நூல் வெளியிட்ட ஸ்பெயின் நாட்டுக் குருவானவரின் பெயர் கொண்டது அது. முதலில் ராஜாவின் சிப்பாய், அடுத்துக் குதிரை, மூன்றாவது பிஷப். எதிரே அமர்ந்த மாணவியோ முதல் நகர்த்தலிலேயே 'சிசிலியன்' தற்காப்புக்குப் போய்விட்டாள். மனப்பாடம் கைவிட்டது, தோற்றோம்.

நடுக்கட்டங்களைப் பிடிப்பது, காய்களை விரைவில் வெளியே கொண்டுவருவது, ராஜாவைக் காப்பது ஆகிய காரணங்களை அறிந்திருந்தால் சமாளித்திருப்போம். தொடக்க நூல்களை அதிகம் படிக்காத அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் சுல்தான் கான் 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனாரே! பொதுத்தேர்வு எழுதப்போகும் நாமும் விடையை மட்டுமல்ல, அதன் காரணத்தையும் கற்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.