நெசவாளர் உறக்கமும் சங்கத்தின் பொறுப்பும்

அண்மையில் ஒரு நெசவாளர் சங்கத்திற்குச் சரக்கு இருப்பைச் சரிபார்க்கச் சென்றிருந்தோம். அன்று சனிக்கிழமை, அங்குச் சேலைகளை ஏற்றுக் கூலி வழங்கும் நாள். மேசைமீது விரித்த சேலைகளுள் பலவற்றில், தொடக்கத்தில் சீராக இருந்த நெசவு கடைசி முழங்களில் தளர்ந்திருந்தது. ஊடை விட்டுப்போன கோடுகளும், அறுந்தபின் முடியப்படாத பாவு இழைகளும் அங்கேதான் மிகுந்திருந்தன. செயலாளர் கூலியில் பிடித்தம் எழுதிக்கொண்டே வந்தார். அருகில் நின்ற மூத்த உறுப்பினர் ஒருவர், "ஐயா, அந்த முழமெல்லாம் வெள்ளிக்கிழமை ராத்திரி நெய்தது" என்றார். பிடித்தம் எழுதிய பேரேட்டில் இக்காரணத்திற்கு இடமில்லை.

உறக்கம் அவரவர் சொந்தப் பழக்கம், சங்கத்திற்கு அதில் வேலையில்லை என்பாருண்டு. இது பாதி உண்மையே. முதலில் அந்தப் பாதியைக் கூறிவிடுவோம்.

வளர்ந்தவருக்கு நாள்தோறும் 7 மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் துணிபு. உடலுக்குள் ஓடும் நாட்கடிகாரத்தின் இயக்கத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அக்கடிகாரத்தைச் சரிப்படுத்துவது முதன்மையாக வெளிச்சமே. விடியலில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சியிடும் குடும்பங்களுக்குக் காலை வெயில் தானாகவே கிடைத்துவிடுகிறது. இரவு வெளிச்சமே அவர்களுக்குப் பகை. தறிக்கு மேலே எரியும் விளக்கும், அதை அணைத்தபின் படுக்கையில் ஒளிரும் கைப்பேசியும் உறக்கத்தைத் தள்ளிப்போடுகின்றன. மாலையில் குடிக்கும் தேநீரின் ஊக்கப்பொருளில் ஏறத்தாழப் பாதி, ஐந்து மணி நேரம் சென்ற பின்னும் உடலில் தங்கியிருக்கும். அலுப்புத் தீர மது அருந்துவோர் விரைவில் கண்ணயர்வது மெய்யே. ஆனால் பின்னிரவில் அதே மது உறக்கத்தைக் கலைத்துவிடும். எந்நேரம் படுத்தாலும் எழும் நேரத்தை மாற்றாதிருப்பது இவை யாவற்றினும் பயன் தருவது என்பது நம் கருத்து.

இனி, மற்றப் பாதி. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைத்திறனும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று ஆஸ்திரேலியாவில் செய்த ஓர் ஆய்வு 1997-இல் காட்டியது. காலை 5 மணிக்குப் பாவுக்கு எழுந்தவருக்கு அந்த 17 மணி நேரம் இரவு 10 மணிக்கே நிறைந்துவிடுகிறது. அதற்குமேல் ஓடும் நாடாவைக் கண் சரியாகத் தொடர்வதில்லை. அந்நேரத்தில் நெய்யுமாறு அவரைத் தள்ளுவது எது? வாரத்திற்கு ஒரே நாளில்தான் சரக்கை ஏற்போம் என்ற சங்கத்தின் வழக்கமேயன்றோ! நூல் செவ்வாய்க்கிழமை கிடைத்தாலும் சேலை சனிக்கிழமை வந்தாக வேண்டும். தீபாவளி நெருங்கினால் ஒவ்வோர் இரவும் வெள்ளி இரவாகிவிடுகிறது. மார்ச்சு 31-க்குள் இருப்பைக் காட்டுமாறு சங்கங்களை நெருக்குவோரில் நாமும் அடக்கம் என்பதை மறைப்பதற்கில்லை.

ஆகவே சரக்கு ஏற்கும் நாளை வாரம் இரண்டாக்க வேண்டும். தவணையை நூல் கொடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். சங்கத்தின் தாமதத்தை உறுப்பினரின் இரவில் கழிப்பது முறையன்று. அலுவலருக்கு வேலை கூடும் என்று ஆட்சேபிப்பர். கூடத்தான் செய்யும், குறைபட்ட சேலைகளைத் தள்ளுபடியில் விற்கும் வேலை அதற்கேற்பக் குறையும்.

பாஸ்புத்தகமும் இதில் சேரும். கடனில் எவ்வளவு கழிந்தது, நிற்பது எவ்வளவு என்று அறியாதவர் பாயில் படுத்தபடி மனக்கணக்குப் போடுவார். மறுநாள் செய்ய வேண்டியவற்றைப் படுக்குமுன் தாளில் எழுதியவர்கள் விரைவில் உறங்கியதாக 2018-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று கூறுகிறது. நம் உறுப்பினருக்கு அத்தாளின் பாதியைச் சங்கமே எழுதிக் கொடுக்கலாம். கூலி நாள்தோறும் வரவு பதிந்தால் போதும்.

உழவர் நிலையும் வேறன்று. மும்முனை மின்சாரம் இரவு முறையாக வரும் இடங்களில், மோட்டாரை இயக்க நள்ளிரவில் வரப்பேறிச் செல்வோர் உறக்கத்தை இழப்பதோடு பாம்புக்கும் அஞ்ச வேண்டியிருக்கிறது. வீட்டிலிருந்தே கைப்பேசியால் மோட்டாரை இயக்கும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. கடன் சங்கங்கள் இதற்குச் சிறுகடன் தரலாம். மடை மாற்றுவதற்கு ஆள் வேண்டுமே எனில், அடுத்தடுத்த வயலினர் நால்வர் முறை வைத்துக்கொண்டால் ஒருவருக்கு நான்கு இரவில் ஓர் இரவுதான் கெடும்.

மேற்சொன்ன சங்கத்தின் செயலாளர் புதன்கிழமையும் சரக்கு ஏற்பது பற்றி நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் பொருளாக வைப்பதாகக் கூறியிருக்கிறார். அடுத்த தணிக்கையில் பிடித்தப் பதிவேட்டையே நாம் முதலில் கேட்போம்.