பழைய வாசலுக்கும் காவல் தேவை

இந்திய வங்கிகளுக்கு 2025 வீடு மாறும் ஆண்டு. கிளைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. வாசலில் தொங்கும் பெயர்ப் பலகையும் மாறவில்லை. மாறியது இன்டர்நெட் விலாசம். டாட் காம், டாட் கோ டாட் இன் என்று இஷ்டத்துக்குச் சிதறிக் கிடந்த வங்கிகள் 'டாட் பேங்க் டாட் இன்' என்ற ஒரே குடும்பப் பெயருக்கு வர வேண்டும் என்று முடிவு செய்தது ரிசர்வ் வங்கி. கவர்னர் சஞ்சய் மல்ஹோத்ரா பிப்ரவரி 7 அன்று திட்டத்தை அறிவித்தார். ஏப்ரல் 22 அன்று சுற்றறிக்கை வந்தது. கெடு: அக்டோபர் 31. உத்தரவு ஸ்டேட் வங்கிக்கு மட்டுமல்ல; சிறு நகரங்களின் கூட்டுறவு வங்கிகளுக்கும்தான்.

காரணம் எல்லோரும் அறிந்ததே. டாட் காம் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பிரபல வங்கியின் பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ ஒரு விலாசம் பதிவு செய்து, அசல் போலவே ஒரு பக்கத்தைத் தயாரிக்க ஒரு மாலைப் பொழுது போதும். புதிய பெயரில் அது நடக்காது. ஐதராபாத்தில் ரிசர்வ் வங்கி 1996இல் நிறுவிய வங்கித் தொழில்நுட்ப மேம்பாடு மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றுதான் இந்தப் பெயர்களைப் பதிவு செய்ய முடியும். வங்கி அல்லாத எவருக்கும் கிடைக்காது.

நல்ல யோசனைதான். சிக்கல், போய்ச் சேரும் இடத்தில் இல்லை. போகும் வழியில் இருக்கிறது.

ஆண்டுக்கணக்காக வங்கிகள் வாடிக்கையாளருக்குச் சொல்லி வந்த பாடம் ஒன்றுதான்: விலாசத்தைப் பாருங்கள், ஓர் எழுத்து மாறியிருந்தாலும் உள்ளே போகாதீர்கள். இப்போது அதே வங்கி, 'எங்கள் விலாசம் மாறிவிட்டது' என்கிறது. மோசடிக்காரர் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸிலும் அதே வாசகம்தான். இன்னொரு விசித்திரமும் உண்டு. பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்ட் போலித் தளத்தில் தானாக நிரம்பாது; விலாசம் வேறு என்பதை மனிதக் கண்ணைவிட கம்ப்யூட்டர் சரியாகக் கவனிக்கும். பலருக்குத் தெரியாமலேயே அவர்களைக் காப்பாற்றி வந்த ஏற்பாடு இது. விலாசம் மாறியதும் அசல் தளத்திலும் அது நிரம்ப மறுக்கும். போலியைக் காட்டிக் கொடுத்த அடையாளம் அசலுக்கும் வந்துவிட்டால் வாடிக்கையாளர் எதை நம்புவார்?

பெயர் மாற்றம் என்றதும் புதுப் பெயரை வாங்கி, தளத்தை அங்கே ஏற்றினால் முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். அது வேலையில் பாதிகூட இல்லை. பழைய விலாசத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் புதிய விலாசத்தின் அதே பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும். 'நிரந்தரமாக இடம் மாறியது' என்று சொல்லும் இந்த ஏற்பாட்டுக்கு 301 என்று எண். வீட்டுக் கடன் பக்கத்தைத் தேடி வந்தவரை முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினால், அவர் திரும்பிப் போவார். கூகுளும் அந்தப் பழைய பக்கம் தொலைந்துபோனதாகவே கருதக்கூடும். இடம் மாறியதைத் தெரிவிக்க கூகுளில் தனி வசதி இருக்கிறது. அது 180 நாள் செயல்படும். திருப்பிவிடும் ஏற்பாட்டைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருங்கள் என்பது கூகுளின் அறிவுரை. பழைய பெயருக்கான பாதுகாப்புச் சான்றிதழையும் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் புது வீட்டுக்கு வழி கேட்டு வருபவரைப் பழைய வாசலிலேயே 'இந்தத் தளம் பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கை வழிமறிக்கும்.

இந்தியாவில் கூடுதலாக ஒரு வேலை. எஸ்எம்எஸ்ஸில் வரும் இணைப்புகள் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்ட பட்டியலில் இல்லையென்றால் தொலைபேசி நிறுவனங்கள் அவற்றைத் தடுக்க வேண்டும் என்பது டிராய் உத்தரவு. 2024 அக்டோபர் 1 முதல் அமலில் உள்ளது. புதிய விலாசத்தைப் பட்டியலில் சேர்க்க மறந்த வங்கியின் செய்தி வாடிக்கையாளரைச் சென்றடையாது.

அவசரப்பட்டவர்கள் கற்ற பாடங்களும் இருக்கின்றன. அமெரிக்க ஆன்லைன் கடையான ஓவர்ஸ்டாக், 2011இல் 'ஓ டாட் கோ' என்று பெயரைச் சுருக்கிக்கொண்டது. விளம்பரம் பார்த்த பலர் பழக்க தோஷத்தில் 'ஓ டாட் காம்' என்று தட்டினார்கள். அங்கே கடையே இல்லை. சில மாதங்களிலேயே நிறுவனம் பழைய பெயரை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவந்தது. எக்ஸ் ஆக மாறிய ட்விட்டரின் கதை இன்னும் வேடிக்கை. 2024 ஏப்ரலில் அதன் ஐபோன் செயலி, பதிவுகளில் 'ட்விட்டர் டாட் காம்' என்று வந்த இடத்திலெல்லாம் 'எக்ஸ் டாட் காம்' என்று தானே மாற்றிக் காட்டியது. ஆகவே 'நெட்ஃப்ளி' என்பதோடு 'ட்விட்டர் டாட் காம்' சேர்ந்த ஒரு விலாசம், பார்ப்பவர் கண்ணுக்கு நெட்ஃப்ளிக்ஸாகத் தெரிந்தது. விஷமிகள் கையில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தவறு விரைவிலேயே திருத்தப்பட்டது.

ஆனால் உண்மையான ஆபத்து பரபரப்பு எல்லாம் அடங்கிய பிறகுதான் வருகிறது. பழைய பெயரை என்ன செய்வது? சாதாரண டாட் காம் பெயருக்கு ஆண்டுக் கட்டணம் ஆயிரம், ஆயிரத்து ஐநூறு ரூபாய். 'இனி எதற்கு வீண் செலவு' என்று யாரோ ஒரு கணக்கர் கோப்பில் எழுதலாம். கட்டணம் கட்டாமல் காலாவதியாகி நீக்கப்பட்ட டாட் காம் பெயருக்கு 30 நாள் மீட்புக் காலம் உண்டு. பிறகு ஐந்து நாள் காத்திருப்பு. அதற்குப் பின் யார் முந்துகிறாரோ அவருக்கே சொந்தம்.

புதிய சொந்தக்காரருக்குக் கிடைப்பது வெறும் பெயரல்ல. பழைய பாஸ்புக், செக் புத்தகம், நாட்காட்டி என்று அச்சிடப்பட்ட எல்லாவற்றிலும் இருக்கும் விலாசம் இனி அவருடையது. பழைய இ-மெயில் விலாசத்துக்கு வரும் கடிதங்கள் அனைத்தையும் அவர் தன் பெட்டிக்கு வரவழைத்துக்கொள்ளலாம்: வாடிக்கையாளர் அனுப்பும் பான் கார்டு நகல், வேறு சேவைகளில் ஊழியர்கள் தொடங்கிய கணக்குகளுக்கான பாஸ்வேர்ட் மாற்றும் கடிதம், எல்லாம். பூட்டை உடைக்காமலே சாவி கைக்கு வருகிறது.

பெரிய வங்கிகளில் இதைக் கவனிக்கத் தனித் துறையே இருக்கிறது. நாட்டில் ஏறக்குறைய 1,500 நகரக் கூட்டுறவு வங்கிகள் உள்ளன. சிறிய நிறுவனங்களில் தளத்தை அமைத்துக் கொடுத்த வெளியாள் தன் பெயரிலேயே பதிவு செய்துவைப்பதும், புதுப்பிக்கும் அறிவிப்பு அவருடைய இ-மெயிலுக்கே போவதும் அபூர்வமல்ல. வங்கிகளுக்கு மட்டுமான சங்கதியும் அல்ல இது. பெயர் மாற்றும் ஜவுளிக்கடைக்கும் லாட்ஜுக்கும் இதே விதிதான். இன்டர்நெட் பெயரும் வணிகச் சின்னத்துக்கு நிகரான சொத்து என்று 2004இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. சொத்தென்றால், பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று முதலாளி பார்க்க வேண்டாமா?

இந்த விஷயத்தில் வங்கித் துறைக்கே முன்னனுபவம் உண்டு. 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு இணைந்தது. அதன் பழைய ஐஎஃப்எஸ்சி குறியீடுகள் 2021 ஜூன் முடியும் வரை செல்லுபடியாயின. பழையதும் புதியதும் ஓராண்டுக்கு மேல் கைகோர்த்து நடந்தன. அந்தக் குறியீட்டையாவது ஒரு நாள் நிறுத்திவிடலாம். வேறு யாரும் அதை எடுத்துக்கொள்ள முடியாது. இன்டர்நெட் பெயர் அப்படியல்ல. கைவிட்டால், மீட்புக் காலம் முடிந்ததும் சந்தைக்கு வந்துவிடும்.

வாடிக்கையாளர் கற்க வேண்டியது ஒரே வித்தை: விலாசத்தை வலமிருந்து இடமாகப் படிப்பது. ஆரம்பத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்த சாய்கோட்டுக்கு முன்னால் என்ன முடிகிறது என்று பார்க்க வேண்டும். அங்கே 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிந்தால் வங்கி. அதற்குப் பிறகும் ஒரு டாட் காம் ஒட்டிக்கொண்டிருந்தால், முன்னால் எந்த வங்கியின் பெயர் இருந்தாலும் அது வேறு யாருடைய வீடோ. எஸ்எம்எஸ்ஸில் வரும் இணைப்பைத் தொடாமல், விலாசத்தைத் தானே தட்டிப் போவது இன்னும் நல்லது.

வங்கிகள் கற்க வேண்டியதும் ஒன்றுதான். கெடுவுக்குள் புது விலாசத்துக்குக் குடிபோனதோடு கடமை முடிவதில்லை. பழைய பெயருக்கான ஆயிரத்துச் சொச்ச ரூபாய் வீண் செலவல்ல. அது காவல்காரர் சம்பளம். அதை நிறுத்த எந்தக் கெடுவும் கிடையாது.