போன் இருந்தால் போதுமா?

"சோறு இருந்தது, வீடு இருந்தது, கையில் போனும் இருந்தது. பிள்ளைகளுக்கு அப்படி என்ன மன உளைச்சல்?" கொரோனா ஊரடங்கைப் பற்றிப் பேச்சு வந்தால் இப்படிக் கேட்பவர்கள், நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸை மட்டும் மனதில் வைத்துக் கேட்கிறார்கள்.

டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்தின் கதை வேறு. என்.எல்.சி. பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் குடும்பத்தின் ஓர் அறை வீட்டை நினைத்துப் பாருங்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்த அப்பா பகலில் தூங்குகிறார். போனின் சத்தத்தைக் குறைத்து, காதோடு ஒட்டிவைத்து ஆன்லைன் பாடம் கேட்கிறது பிள்ளை. ஷிப்ட் மாறினால் அந்த ஒரே போனும் அப்பாவோடு போய்விடும்.

தமிழகத்தில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு 2021 ஜனவரி 19-இல் திறந்தன. எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளோ 2021 நவம்பர் 1 வரை காத்திருந்தார்கள். ஏறக்குறைய பத்தொன்பது மாதம்! (பெரியவர்களுக்கு 14 நாள் தனிமையே தாங்கவில்லை.)

"பள்ளி திறந்ததும் எல்லாம் மறந்துபோச்சு" என்பது அடுத்த வாதம். மறந்துபோகிற அளவுக்குச் சின்ன விஷயமா அது? தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி இந்தியாவில் மாணவர் தற்கொலைகள் 2019-இல் 10,335, 2020-இல் 12,526, 2021-இல் 13,089. எல்லாவற்றையும் ஊரடங்கின் தலையில் கட்ட முடியாதுதான். ஒன்றுமே நடக்கவில்லை என்று கைகழுவவும் முடியாது.

"எங்க பிள்ளை ஒண்ணும் சொல்லலையே" என்கிறீர்களா? 2021-இல் யுனிசெஃப் வெளியிட்ட ஆய்வில், மனநலச் சிக்கலுக்கு உதவி தேடுவது நல்லது என்ற இந்திய இளைஞர்கள் 41 சதவீதம்தான். 21 நாடுகளின் சராசரி 83.

சொல்ல நினைக்கும் பிள்ளைக்கு மனநல உதவிக்கான 14416 என்ற இலவச தொலைபேசி எண் இருக்கிறது. பள்ளிச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.