கஞ்சி வார்த்த சிறு நூல்கள்

யானைக்கவுனியில் எங்கள் வீட்டிற்கு அணித்தே பழந்தாள் வாங்கும் கடையொன்று உண்டு. சென்ற கோடை விடுமுறையில் பரணைத் துப்புரவு செய்யும் பணியை வீட்டார் என்பால் ஒப்புவித்தனர். காலஞ்சென்ற பாட்டியாரின் தகரப்பெட்டியிற் கிடந்த தாள்களையெல்லாம் கயிற்றாற் கட்டி அக்கடையில் எடைக்கு விற்றுவிட்டேன். அக்கட்டின் மேற்புறத்தில், முன்னட்டை கிழிந்து பதினாறு பக்க அளவில் எஞ்சிய கீர்த்தனைப் புத்தகம் ஒன்று இருந்தது. அதனால் வரும் பணம் ஏழைகட்குக் கஞ்சி வார்க்கச் செலவிடப்படும் என்னும் பொருள்பட அதன் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரிகள் கண்டேன். கண்டும் வாளா இருந்தேன். பாடியவர் யாரென்று தெரியவில்லை. பெயர் பெற்ற புலவராயின் நமக்குத் தெரிந்திருக்குமன்றோ என்பதே அப்போது என் மனத்தில் எழுந்த எண்ணம்.

மூன்று திங்கள் கழிந்தன. வகுப்பில் எம் ஆசிரியர் பஞ்சகாலத்துப் பாட்டுக்களைப் பற்றி ஒருநாள் பேசினார். அன்று மாலையே கடைக்கு ஓடினேன். கடைக்காரர் நகைத்து, "தம்பி, அது இந்நேரம் ஆலையில் கூழாகியிருக்குமே" என்றார். அவர்மேற் குற்றமில்லை, குற்றம் முற்றும் என்னுடையது. அதன் வேர் யாதென்று ஆராய்ந்து பார்த்ததில், பெரும்பெயர் பெற்றோர் எழுதியதே போற்றி வைக்கத்தக்கது என்னும் எண்ணமே அவ்வேரெனக் கண்டேன். இவ்வெண்ணம் எனக்கு மட்டும் உரியதன்று. நம்மிற் பலருக்கும் உண்டு, அயல்நாட்டாருக்கும் உண்டு. அயல்நாட்டில் அஃது எத்தகைய கேட்டினை விளைத்தது என்பதை முதற்கண் சொல்லி, பின் நம் நாட்டிற்கு வருவேன்.

விக்டோரியா அரசியார் காலத்து இங்கிலாந்தில், ஏழைகளின் பொருட்டுப் புலவர்கள் சிறு நூல் எழுதிக் கொடுப்பதும், அதனை விற்றுப் பொருள் சேர்ப்பதும் பெருவழக்காய் இருந்தன. எலிசபெத் பாரெட் பிரௌனிங் அம்மையாரும் அவர்தம் கணவர் ராபர்ட் பிரௌனிங்கும் ஆளுக்கொரு பாட்டாக ஈந்த 'இரு பாடல்கள்' என்னும் மெல்லிய ஏடு 1854-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அம்மையாரின் தங்கையார் அராபெல்லா, கந்தலுடுத்த சிறார்களின் பள்ளிகளுக்காக நடத்திய சந்தையில் அஃது ஆறு பென்சுக்கு விற்கப்பட்டது. அடிலெய்ட் பிராக்டர் அம்மையார் 1862-இல் வெளியிட்ட செய்யுள்மாலை, வீடற்ற பெண்டிரும் குழந்தைகளும் இரவில் தங்கும் புகலிடம் ஒன்றிற்கு உதவியது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரவு நின்று லங்காஷயர் நெசவாளர் பட்டினி கிடந்த காலத்தில், எமிலி பெய்த்புல் என்னும் பெண்மணி தம் அச்சுக்கூடத்தில் 1863-இல் ஒரு தொகைநூல் அச்சிட்டார். அதற்குக் கிறிஸ்டினா ரோசெட்டி அம்மையார் ஒரு பாடல் அளித்தார். எழுதியவரும் அச்சிட்டவரும் பெண்டிர். அவ்வேட்டினால் அடுப்பெரிந்ததோ நெசவாளர் வீடுகளில்.

காலஞ் செல்லச் செல்ல இவ்வேடுகள் அரியவாயின. அரியவாகவே செல்வர்கள் தேடலாயினர். ஆனால் அவர்கள் தேடியது எதனை? பிரௌனிங் என்னும் பெயரை. டென்னிசன் என்னும் பெயரை. எந்தப் பள்ளிக்கு எத்தனை படி விற்றது, யார் வாங்கினர், எத்தனை சிறார் பயனடைந்தனர் என்று கேட்டவர் அருமை. இந்நிலையிலேதான் தாமஸ் வைஸ் என்பவர் தோன்றினார். நூற்பட்டியல் வகுப்பதில் அவருக்கு ஒப்பார் இல்லையென்று அந்நாடு அவரைக் கொண்டாடியது. அவரோ, பெரும்புலவர்களின் பாடல்களைத் தனிச் சிறுநூல்களாகத் தாமே அச்சிடுவித்து, பழைய ஆண்டெண்களை இட்டு, முதற் பதிப்பென்று உலவவிட்டார்!

அவற்றுள் ஒன்று ஈண்டுக் குறிக்கத்தக்கது. தப்பியோடிய அடிமைப் பெண்ணொருத்தியைப் பற்றிப் பிரௌனிங் அம்மையார் பாடிய பாடல், அமெரிக்கப் பாஸ்டன் நகரில் அடிமை ஒழிப்பாளர் தம் சந்தையில் விற்ற 'சுதந்தர மணி' என்னும் ஆண்டுமலரில் முதலில் வெளிவந்தது. அப்பாட்டு அடிமைகளின் விடுதலைக்காகத் தானமாய்த் தரப்பட்டது. அதனை 1849 என்னும் ஆண்டெண்ணோடு இலண்டனில் வெளியான தனிநூல் போலப் பொய்யாகச் செய்து காசாக்கினர். 1934-ஆம் ஆண்டில் ஜான் கார்ட்டர், கிரகாம் போலார்டு என்னும் இளைஞர் இருவர் இப்பொய்ப் பதிப்புக்களைத் தாள், எழுத்து முதலியவற்றால் ஆராய்ந்து நூலொன்று வெளியிட்டனர். 1847 என்று அச்சிட்ட ஒரு நூலின் தாளில், 1874-க்கு முன் இங்கிலாந்தில் வழங்காத மரக்கூழ் கலந்திருந்தது! ஐம்பதாண்டு மேதைகளையெல்லாம் மயக்கிய பெயர், ஒரு துண்டுத் தாளை நுண்ணோக்காடியில் வைத்த அளவிலே கலைந்தது. வைஸ் 1937-இல் இறந்தார். கள்ளப் பதிப்பு ஏன் தோன்றிற்று என்று கேட்பின், பெயர்க்கு விலை இருந்ததனால் தோன்றிற்று என்பதன்றி வேறு விடை எனக்குத் தோன்றவில்லை. பெயரில்லாத ஒருவர் கஞ்சித்தொட்டிக்காக எழுதியதை எவர்தாம் கள்ளமாய் அச்சிடுவர்?

இனி நம்மூருக்கு வருவோம். கஞ்சித்தொட்டி என்றவுடன் வடசென்னையார்க்கு ஸ்டான்லி மருத்துவமனையே நினைவுக்கு வரும். 1782-ஆம் ஆண்டின் பஞ்சத்தில் இராயபுரத்தின் அருகே ஏழைகட்குக் கஞ்சி வார்க்கத் தோன்றிய மணியக்காரர் சத்திரத்தினின்று வளர்ந்ததே அம்மருத்துவமனை. ஆதலின் முதியோர் அதனை இன்றும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பர். யானைக்கவுனிக்கு வடபால் பேசின் பாலத்தருகே தேங்கி நாறும் பக்கிங்ஹாம் கால்வாயை நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கின்றோம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அதன் பகுதியோ, 1877, 78-ஆம் ஆண்டுகளில் பசியால் மெலிந்தோர் கூலிக்கு மண் சுமந்து வெட்டியது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் பேசிய அக்கொடுங் காலத்தில் (1876–78) மாண்டோர் தென்னாட்டிலும் பிற பகுதிகளிலுமாக 50 இலட்சத்துக்கு மேல் என்று கணக்கிடுவர்.

அப்போது சென்னையிலிருந்து சென்ற வேண்டுகோளை ஏற்று இலண்டன் நகரத் தலைவர் திறந்த நிதியில் 5 இலட்சம் பவுனுக்கு மேல் திரண்டது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் அதன் பொருட்டு எழுதினார். சென்னையில் நிவாரணக் குழுவின் செயலாளராயிருந்த வில்லியம் டிக்பி 1878-இலேயே எல்லாவற்றையும் இரண்டு பெருந்தொகுதிகளில் எழுதி வைத்தார். ஆங்கிலத்தில் நிகழ்ந்தவை இங்ஙனம் காக்கப்பட்டன. தமிழில்?

மாயூரம் முனிசீப்பாயிருந்த வேதநாயகம் பிள்ளையவர்களை 'பிரதாப முதலியார் சரித்திரம்' இயற்றியவர் என்ற அளவில் நாம் அறிவோம். அப்பஞ்சத்தில் அவர் தம் கைப்பொருளை வாரி வழங்கியதும், கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கொடையை வியந்து கீர்த்தனம் பாடியதும் கேட்டிருக்கின்றோம். பிள்ளையவர்களே பஞ்சந் தீர வேண்டிப் பாடிய கீர்த்தனங்களும் உள. அவை எஞ்சியமைக்குக் காரணம் அவர் பெயரே. வில்லியப்ப பிள்ளையின் 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' 1899-இல் அச்சாயிற்று. பஞ்சத்தால் நொந்தவனுக்குப் பொருளுதவுமாறு மதுரைச் சொக்கநாதப் பெருமானே சிவகங்கைத் துரைசிங்க மன்னர்க்குத் திருமுகம் வரைந்ததாக அமைந்தது அந்நூல். திருவிளையாடலில் பாணபத்திரர்க்காக இறைவன் சேரனுக்கு எழுதிய பழைய கதையைப் பஞ்சத்துக்குத் திருப்பிய நயத்தைப் பாருங்கள்! நகைச்சுவை ததும்பும் அதனைப் படித்துச் சிரிக்கையிலேயே தொண்டை அடைத்துக்கொள்ளும். உதவி வேண்டும் விண்ணப்பம் ஒன்று இவ்வளவு சுவையாய் வேறெந்த மொழியிலேனும் எழுதப்பட்டதோ, அறியேன். ஆயினும் தமிழ் ஆனர்ஸ் படிக்கும் நண்பர்கள் பதின்மரைக் கேட்டேன்; அந்நூற்பெயரைக் கேட்டிருந்தவர் ஒருவரே.

இவ்விருவரும் பெயர் உடையோர். இவர்கட்குக் கீழே, பெயர் மறைந்தோர் ஆயிரவர். யானைக்கவுனியிலிருந்து தெற்கே சிறிது நடந்தால் பார்க் டவுன். அப்பக்கத்திலிருந்த குஜிலிக் கடைத்தெருவில் கால் அணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற சிறு பாட்டுப் புத்தகங்கள் எண்ணிறந்தன. வெள்ளம் வந்தால் ஒரு சிந்து. பஞ்சம் வந்தால் ஒரு கும்மி. இரயில் கவிழ்ந்தால் ஒரு நொண்டி. கற்றோர் அவற்றைக் 'குஜிலி நூல்' என்று இகழ்ந்தனர். பேராசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி 2004-இல் 'முச்சந்தி இலக்கியம்' என்னும் நூலால் அவற்றிற்கு உரிய மதிப்பைக் காட்டினார். அவையெல்லாம் தருமத்துக்காக அச்சிட்டவையல்ல, பல, வயிற்றுப்பாட்டுக்கே. ஆயின் அதே அச்சுக்கூடங்களில், அதே மட்டத் தாளில், சபைகளும் மடங்களும் சங்கங்களும் கஞ்சிச் சாலைக்கும் அநாதை விடுதிக்கும் அச்சிட்டவை, அவற்றோடு கலந்தே வாழ்ந்தன, கலந்தே அழிந்தன. பழம்புத்தகக் கடைகள் நிறைந்த மூர் மார்க்கெட்டு 1985-இல் எரிந்தபோது எத்தனை போயினவோ!

இன்னொரு செய்தியும் உண்டு. 1867-ஆம் ஆண்டின் அச்சுச் சட்டப்படி அரசாங்கத்தார் காலாண்டுதோறும் அச்சான நூல்களின் பட்டியலைத் தொகுத்தனர். நூற்பெயர், அச்சுக்கூடம், பக்கம், படிகளின் தொகை, விலை எல்லாம் அதில் இருக்கும். பட்டியலில் நூல் உண்டு, அலமாரியில் இல்லை. இஃது இறந்தவர் பெயரைச் சபைப் பதிவேட்டிற் காண்பது போன்றது.

ஏட்டுச்சுவடிகள் செல்லரித்தமைக்கு நாம் கண்ணீர் வடிக்கின்றோம். ஐயரவர்கள் 1887-இல் சிந்தாமணியை வெளியிட்ட கதையைப் பேசாத தமிழ்க்கூட்டம் இல்லை. அவ்வாண்டிலேயே அச்சான தாள்கள் இன்று சுவடியினும் விரைவில் பொடியாகின்றன. அதற்குக் கண்ணீர் இல்லை. பனையோலையினும் மட்டத் தாளுக்கு ஆயுள் குறைவு என்பதை ஒரு தகரப்பெட்டியைத் திறந்து பார்த்தவர் அறிவர்.

'பெயர் பெற்றோரை விடுத்து எல்லாவற்றையும் சேர்க்கப் புகின் வீடு குப்பையாகாதோ?' என்பார்க்கு ஒன்று சொல்வேன். 1907-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் இளம்புலவர் ஒருவரின் பாடல்கள் மூன்றினைச் சிறு வெளியீடாக 15,000 படி அச்சிட்டு இலவசமாய் வழங்கினார். அப்புலவர் சுப்பிரமணிய பாரதியார். அன்று அதனைக் கையில் வாங்கி மடித்துப் பையில் இட்டவருக்கு அவர் பின்னாளில் யாராவார் என்பது தெரியுமோ? கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் இப்படி வினவிக்கொண்டிருக்கவில்லை. நாடக நோட்டீசு, கலியாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம் என வந்தவற்றையெல்லாம் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்தபோது இருந்தவை ஏறத்தாழ 1,00,000. சிகாகோப் பல்கலைக்கழகத்தார் அவற்றை வாங்கிச் சென்னையிலேயே வைத்தனர். 1994 முதல் அவை நூலகமாக விளங்குகின்றன. குப்பை என்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே குறிப்பெடுக்கின்றனர்.

மற்றொரு வினா கடினமானது. பழந்தாளுக்குச் செலவிடும் பணத்தை இன்று பசித்திருப்பவனுக்கு இட்டால் என்ன? என் தாயார் கேட்ட கேள்வி இது. எளிதில் விடை கூற இயலவில்லை. ஏலத்தில் பல்லாயிரம் கொடுத்து ஒரு கஞ்சிப் புத்தகத்தை வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டுவது எனக்கும் உடன்பாடன்று. ஆறு பென்சுக்குப் பள்ளி நடத்திய ஏடு, பெருந்தொகைக்குப் பேழையில் உறங்குவது அவ்வேட்டை இயற்றியவர்க்கே நாணம் தருவது. ஆனால் யான் வேண்டுவதற்குப் பணம் வேண்டா. இவை இன்னும் நம் வீட்டுப் பரண்களில், கோயிற் பெட்டகங்களில், பாட்டிமாரின் ஜெப புத்தகங்களுக்கிடையில் கிடக்கின்றன. விலைக்கு வாங்க வேண்டியதில்லை. விற்காமல் இருந்தாற் போதும்.

நம் கல்லூரி நூலகத்தில் இவற்றிற்கென ஓர் அலமாரித் தட்டினைத் தருமாறு நூலகரவர்களை வேண்டிக்கொள்கின்றேன். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஒன்று கொணரின், அத்தட்டு நிறையும். கொணர்ந்ததனுடன் எவ்வூரில், யார் வீட்டில் கிடைத்தது, அச்சிட்ட விலை என்ன, எவர் பொருட்டு விற்றது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்தல் வேண்டும். ஆசிரியர் பெயர் தெரியாவிடினும் குறையில்லை. ஒளிப்படமெடுத்துப் பலரும் காண வைப்பது இக்காலத்தில் அரிதன்று. தமிழ் இணையக் கல்விக்கழகத்தார் தம் மின்னூலகத்தில் பழைய நூல்களை அவ்வாறே வைத்துள்ளனர். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்கும் 2015-இன் பெருவெள்ளத்துக்கும் நம் சபைகளும் மன்றங்களும் அச்சிட்ட வேண்டுகோள் தாள்களும் இதிற் சேரவேண்டும். அவை பழையவையல்லவே என்று தள்ளுவார்க்கு, என் பாட்டியார் வாங்கிய அன்று அக்கீர்த்தனைப் புத்தகமும் புதியதாகவே இருந்தது என்பதை நினைவூட்டுகின்றேன்.

பழந்தாட் கடைக்காரரிடம் சொல்லி வைத்தேன். பாட்டுப் புத்தகமென்றாலும் நோட்டீசென்றாலும் எனக்குக் காட்டிய பின்பே கட்டுவதாக ஒப்புக்கொண்டார். அவர் மகனும் தேடித் தருகின்றான். சென்ற வாரம் அவன் எடுத்துவைத்தது, ஏதோவொரு நிவாரணத்துக்குப் பணம் உதவியோரின் பட்டியல், முதற்பக்கம் இல்லை. இருபத்தேழு பெயர்கள். நடுவில் ஒரு வரியில் பெயரில்லை. 'ஓர் அன்பர், 4 அணா' என்று மட்டும் இருக்கின்றது. தட்டுக் கிடைக்கும்வரை அதனை என் தொல்காப்பியத்துள் வைத்திருக்கின்றேன்.