வீட்டோடு வேலை என்னும் ஏமாற்று

"வீட்டோட இருந்து பாக்குற வேலை, பிள்ளையளையும் பாத்துக்கிடலாம்லா?" முக்கூடல், மேலப்பாளையம், கடையம், ஆலங்குளம் என்று பீடி சுற்றும் ஊர்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் இல்லை. தாய் கண்ணெதிரே இருந்துவிட்டால் குடும்பத்துக்கு நேரம் கிடைத்துவிட்டதாக ஊரே நம்புகிறது. இது வடிகட்டிய பொய்.

பீடிக்குக் கூலி மணிக்கணக்கில் இல்லை, ஆயிரத்துக்கு இவ்வளவு. இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, முனை மடக்கி, கட்டுப் போட்டுப் பீடிக் கடையில் சேர்க்க வேண்டும். அங்கே கழித்துத் தள்ளிய பீடிக்குக் காசில்லை. பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்ல வரும் பிள்ளையை நிமிர்ந்து பார்த்தால், பார்த்த நேரமெல்லாம் கூலியில் கழியும். காது பிள்ளைக்கு; கண்ணும் கையும் கடைக்கு.

1966-இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் தொழிற்கூடத்தில் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. அந்த வரம்பு வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. பாபநாசம் மில்லில் சங்கு ஊதினால் தொழிலாளி வீட்டுக்குப் போகலாம். வீட்டிலேயே சுற்றுகிறவள் எங்கே போவாள்? 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் பீடித் தொழிலில் பிள்ளைகளைத் தடுத்துவிட்டு, குடும்பமாகச் செய்தால் விலக்குத் தந்தது. மகள் முனை மடக்க உட்கார்ந்தாள். 'தாயும் மகளும் சேர்ந்திருக்கிறார்கள்' என்று அதற்கும் பேர் வைத்தோம்.

திண்ணையில் நாலு பேர் கூடிச் சிரித்துப் பேசிச் சுற்றுவதில்லையா என்பார்கள். உண்டு. சொந்தக் காசு கையில் புரள்வதும், அதில் மகள் கல்லூரி போவதும் உண்டு. ஆனால் அந்தச் சிரிப்பு வேலை கொடுத்ததல்ல. வேலைக்கு நடுவே அவர்கள் பிடுங்கிக்கொண்டது. அதைக் காட்டிக் குறைந்த கூலியை நியாயப்படுத்துவது அடாவடி. வீட்டில் இருப்பது வேறு, வீட்டுக்கு நேரம் இருப்பது வேறு என்பது 2020-இல் மடிக்கணினியோடு வீட்டில் அடைபட்டவர்களுக்கும் இப்போது புரிந்திருக்கும்.

வீட்டிலிருந்து உழைப்பவரையும் மற்றத் தொழிலாளரையும் சமமாக நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் 177-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை. அந்தியில் பீடிச் சுளகை ஓரம் வைத்தாலும் அடுப்பெரியும் அளவுக்குக் கூலி கிடைக்கட்டும். பிள்ளைகளோடு நேரம் செலவிடச் சொல்லிப் பெண்களுக்குப் புத்தி சொல்வதை அதன்பிறகு வைத்துக்கொள்வோம்.