கடன் வாங்கக் கூடாத வகுப்பு

அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது பள்ளிக்கூட அட்டவணையிலிருந்து முதலில் மறைவது பி.டி. பீரியட். போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு ஆசிரியர் கேட்பார். ரிவிஷன் டெஸ்ட் வைக்க வேண்டும் என்று அறிவியல் ஆசிரியர் கேட்பார். பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் கேட்க வேண்டிய தேவைகூட இல்லை. ஜூன் மாதமே பல பள்ளிகளில் அது சிறப்பு வகுப்பாக மாறியிருக்கும். தமிழகத்தின் விளையாட்டுத் துறைப் பொறுப்பில் இருந்தபோது உதயநிதி ஸ்டாலின், பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று ஆசிரியர்களைப் பொதுமேடையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அமைச்சர் கேட்டுக்கொண்டு தீரும் விஷயமல்ல இது. உடற்கல்வி வகுப்பை வேறு பாடத்துக்கு எடுக்கக் கூடாது என்பது கட்டாய விதியாக வேண்டும். அந்த விதி பொதுத்தேர்வு எழுதும் வகுப்புகளுக்கும் பொருந்த வேண்டும்.

ஆனால் வகுப்பைத் திருப்பித் தந்துவிட்டால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. அந்த நாற்பது நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில் நின்று பாருங்கள். விசில் ஊதியதும் வரிசை நிற்கிறது. வருகைப்பதிவு, கொஞ்சம் கைகால் அசைப்பு. பிறகு ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு வாலிபாலும் ஒரு ஃபுட்பாலும் வெளியே வருகின்றன. நன்றாக விளையாடத் தெரிந்த பத்துப் பதினைந்து பையன்கள் பந்தோடு ஓடிவிடுகிறார்கள். மற்றவர்களில் சிலர் கோட்டுக்கு வெளியே நின்று, தப்பி வரும் பந்தை எடுத்துப் போடுகிறார்கள். பெண் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் என்றால் மடியில் அடுத்த வகுப்பின் நோட்டு விரிந்திருக்கும். உடல் பருத்த பையன் தானாகவே ஸ்கோர் சொல்லும் வேலைக்குப் போய்விடுகிறான். அவனை யாரும் ஆட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை என்பது அவனுக்கு ஆறாம் வகுப்பிலேயே தெரிந்துவிட்டது. அறுபது பேர் கொண்ட வகுப்பில் மூச்சு வாங்க ஓடியவர்கள் பதினைந்து பேர். அவர்களோ, பள்ளியில் இந்த வகுப்பே இல்லாவிட்டாலும் சாயங்காலம் தெருவில் இறங்கி விளையாடக்கூடியவர்கள்.

இந்த வகுப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது போய்ச் சேரவில்லை. நம்முடைய வாதமே இதுதான்.

உடற்கல்வி ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருடைய உழைப்பை நாம் கோப்பைகளால் அளக்கிறோம். குறுவட்டப் போட்டியில் ஜெயித்தார்களா, மாவட்டத்துக்குப் போனார்களா, மாநில அளவில் இடம் கிடைத்ததா? தலைமையாசிரியர் அறையின் கண்ணாடி அலமாரியில் இருக்கும் கேடயங்கள்தாம் அவருடைய மதிப்பெண் பட்டியல். அப்படியிருக்க, திறமையான பன்னிரண்டு பேர் மீது அவர் கண் இருப்பது இயல்பு. விளையாட்டு வீரர்களை உருவாக்குவது நல்ல வேலை, தேவையான வேலை. அதற்கு முதலமைச்சர் கோப்பையும் கேலோ இந்தியாவும் பயிற்சி விடுதிகளும் இருக்கின்றன. உடற்கல்வி வகுப்பின் வேலை அதுவல்ல. கணித ஒலிம்பியாடுக்குப் போகக்கூடிய நாலு பேருக்கு மட்டும் கணக்கு நடத்திவிட்டு மற்றவர்களை மரத்தடியில் உட்காரச் சொன்னால் எந்தப் பெற்றோராவது பொறுத்துக்கொள்வாரா? உடம்பு விஷயத்தில் மட்டும் பொறுத்துக்கொள்கிறோம்.

அதன் விலை கண்முன்னே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னையிலுள்ள நீரிழிவு ஆய்வு நிறுவனம் நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்றது அது. தேசிய விகிதம் 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4. தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள்: தமிழ்நாட்டுப் பெண்களில் உடல் எடை அதிகம் உள்ளவர்கள் 2015-16-ல் 30.9 சதவீதம், 2019-21-ல் 40.4 சதவீதம். ஆண்களில் 28.2-லிருந்து 37 சதவீதம். இந்த ஆய்வு கணக்கில் எடுப்பது நடுத்தர வயதைத் தாண்டாதவர்களை. 2024-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் வெளியிட்ட கணக்குப்படி, போதிய உடலுழைப்பு இல்லாத இந்தியர்களின் விகிதம் 2000-ல் 22 சதவீதமாக இருந்து 2022-ல் ஏறக்குறைய 50 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. பெண்களிடம் நிலைமை இன்னும் மோசம்: 57 சதவீதம்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண் பிள்ளைகள் பிற்பாடு எங்கே போனார்கள் என்ற கேள்விக்கு இந்த 57 சதவீதத்தில் பதில் இருக்கிறது.

தமிழக அரசு இதை உணராமல் இல்லை. 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறது. 2023-ல் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்து, நடப்போம் நலம் பெறுவோம் என்று மக்களை அழைத்தார்கள். இரண்டும் பாராட்டத்தக்கவை. ஆனால் நாற்பத்தைந்து வயதில் வீடு தேடிப் போய்ச் சொல்வதைப் பன்னிரண்டு வயதில், பிள்ளைகள் தாமாகவே நம்மிடம் வந்து நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் இடத்தில், ஏன் சொல்லிக் கொடுப்பதில்லை? பள்ளிக்கூடத்தின் வழியாக ஒரு தலைமுறையின் உடல்நலத்தைத் திருத்த முடியும் என்று நாட்டுக்கே காட்டியது இந்த மாநிலம்தான். மதிய உணவில் காட்டினோம், முட்டையில் காட்டினோம், 2022-லிருந்து காலை உணவில் காட்டிக்கொண்டிருக்கிறோம். பிள்ளையின் வயிற்றுக்கு இவ்வளவு செய்த பள்ளி, அந்தப் பிள்ளையின் இதயத்துக்கும் தசைக்கும் செய்ய வேண்டியது மிச்சமிருக்கிறது.

எப்படிச் செய்வது என்பதற்கு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள நேப்பர்வில் நகரத்து அனுபவம் பயன்படும். அங்கே 1990-களில் ஃபில் லாலர் என்ற உடற்கல்வி ஆசிரியர் பாடத்தின் நோக்கத்தையே மாற்றினார். மாணவர்களுக்கு இதயத்துடிப்பை அளக்கும் கருவியைக் கட்டிவிட்டு மைல் தூர ஓட்டம் ஓடச் சொன்னார். ஒரு சிறுமி வழக்கம்போல மெதுவாக வந்து சேர்ந்தாள். பழைய கணக்கில் அவள் முயற்சியே செய்யாதவள். கருவியைப் பார்த்தால், கோட்டைத் தாண்டும்போது அவளுடைய துடிப்பு நிமிடத்துக்கு 200-ஐத் தாண்டியிருந்தது. தன் உடம்பால் முடிந்த எல்லையையே அவள் தொட்டிருந்தாள். இத்தனை காலமும் எத்தனை பிள்ளைகளைச் சோம்பேறி என்று தப்பாக மதிப்பிட்டிருப்போம் என்று அந்த ஆசிரியருக்கு உறைத்தது. அதன் பிறகு வேகத்துக்கு மதிப்பெண் கிடையாது. தன் துடிப்பைத் தேவையான அளவில் எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள் என்பதற்குத்தான் மதிப்பெண். குழு விளையாட்டோடு நின்றுவிடாமல், பிள்ளைகள் பெரியவர்களான பிறகும் தனியாகச் செய்யக்கூடிய பயிற்சிகள் பாடத்துக்குள் வந்தன. பக்கத்து வீட்டுக்காரனை முந்துவது போய், போன மாதத்துத் தன்னை முந்துவது அளவுகோலானது.

கருவி வாங்க நம் பள்ளிகளில் பணம் ஏது என்று கேட்கலாம். இரண்டு விரல் போதும். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து விநாடி எண்ணி, நான்கால் பெருக்கச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இது தெரியும் கணக்குதான். ஓடுவதற்கு முன் எவ்வளவு, ஓடி முடித்ததும் எவ்வளவு, இரண்டு நிமிடம் கழித்து எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வரட்டும். ஜூலையில் எழுதியதையும் மார்ச்சில் எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தன் இதயம் சீக்கிரம் அமைதிக்குத் திரும்பக் கற்றுக்கொண்டிருப்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். அறிவியல் பாடத்தில் படிக்கும் ரத்த ஓட்டம் அப்போது தன் உடம்பில் நடப்பதாகிவிடும். இப்படி ஒரு நோட்டு வைத்திருந்த பிள்ளைக்கு நாற்பது வயதில் வாக்கிங் போ என்று மருத்துவர் சொல்லும்போது, எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம் என்று குழம்ப வேண்டியிருக்காது.

இதே முறையில், எட்டாம் வகுப்பு முடிப்பதற்குள் கயிறு தாண்டவும், முதுகுக்கு வலி வராமல் கனமான பொருளைத் தூக்கவும், உடம்பை வளைத்து நீட்டவும், மூச்சிரைக்காமல் இருபது நிமிடம் மெல்லோட்டம் ஓடவும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். பத்தாவது முடிப்பதற்குள் தனக்கான ஒரு வாரப் பயிற்சித் திட்டத்தைத் தானே எழுதத் தெரிய வேண்டும். வளையப்பந்தும் பூப்பந்தும் கோகோவும் சிலம்பமும் நம் கைவசம் இருக்கின்றன. பத்துக்குப் பத்து இடத்தில் சிலம்பம் சுற்றலாம், ஐம்பது வயதிலும் சுற்றலாம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லா சைக்கிள் தருகிறது. அந்தச் சைக்கிளை வாழ்நாள் வாகனமாக எப்படி வைத்துக்கொள்வது என்பதை யாரும் பாடமாக்கவில்லை. கல்லூரி சேர்ந்ததும் பைக் வந்துவிடுகிறது, சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே போய்விடுகிறது.

ஒன்றை உடனே நிறுத்த வேண்டும். வீட்டுப்பாடம் எழுதாதவனை மைதானத்தை ஐந்து சுற்று ஓடச் சொல்வதும், தாமதமாக வந்தவளைத் தோப்புக்கரணம் போட வைப்பதும் இன்னமும் நடக்கின்றன. ஓட்டத்தைத் தண்டனையாக அனுபவித்த பிள்ளை பெரியவனானதும் அதைச் சந்தோஷத்துக்காகச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் அக்கறை வேண்டும். ஓடுவதற்கு வசதியான சீருடையும் கழிப்பறையில் தண்ணீரும் உடை மாற்ற அறையும் இல்லாமல், மாதவிடாய் நாளில் என்ன செய்யலாம் என்று கூச்சமில்லாமல் பேசப் பெண் ஆசிரியர் இல்லாமல், ‘பொண்ணுங்க விளையாட வர்றதில்லை’ என்று சொல்வது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. அவர்களை மைதானத்துக்கு வரவிடாமல் தடுக்கும் காரணங்கள் பள்ளிக்குள்ளேயே இருக்கின்றன.

படிப்பு கெடும் என்பதுதான் பெற்றோரின் பயம். அந்தப் பயத்தை நாம் மதிக்கிறோம். ஒரு மதிப்பெண்ணில் கல்லூரி இடம் கைநழுவுவதைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் த்ருவா ரிவியேர் என்ற ஊரின் தொடக்கப் பள்ளிகளில் 1970-களில் மற்ற பாடங்களின் நேரத்தைக் குறைத்து, தினமும் ஒரு மணி நேரம் உடற்கல்வி கொடுத்தார்கள். படிப்பு நேரம் குறைந்தும் அந்தப் பிள்ளைகளின் கல்வித் தேர்ச்சி மற்றவர்களைவிடக் கீழே போகவில்லை. பல ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடிப்போய்ப் பார்த்தபோது, அந்த வகுப்பில் படித்த பெண்கள் மற்றப் பெண்களைவிட அதிகம் உடற்பயிற்சி செய்பவர்களாக இருந்தார்கள். ஐந்து வயது முதல் பதினேழு வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும் உடலியக்கம் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நம் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் வாரத்துக்கு இரண்டு பீரியட். அதிலும் கடன் போக மிச்சம்.

இடமும் ஆளும் இல்லை என்பது அடுத்த தடை. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே விளையாட்டுத் திடல் இருக்கிறது. திடல் இல்லாத பள்ளி இருக்கக் கூடாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும், திடல் இல்லாத பள்ளிகளை மூட நடவடிக்கை எடுக்கலாம் என்ற அளவுக்கு 2024-ல் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டன. இருந்தும் மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியைத் திடலாகக் காட்டி அங்கீகாரம் புதுப்பிக்கும் தனியார் பள்ளிகள் நகரங்களில் இருக்கின்றன. ஆள் விஷயத்தில் அரசே பதில் சொல்ல வேண்டும். 2012-ல் உடற்கல்வி, ஓவியம், தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு வாரம் மூன்று அரைநாள் வேலை என்று எடுத்தார்கள். அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகளாகத் தெருவில் நின்று போராடினார்கள். ஒரு பிள்ளையின் உடல் வளர்ச்சியை ஆறு வருடம் தொடர்ந்து கவனிக்க வேண்டிய ஆசிரியரை வாரத்துக்கு மூன்று அரைநாள் வரச் சொன்னால், பந்தை எடுத்துப் போடுவதற்கு மேல் அவரால் என்ன செய்ய முடியும்?

நமக்கு ஆளைத் தயார் செய்யத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நூற்றாண்டைக் கடந்து நந்தனத்தில் நடக்கிறது. உடற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகத்தை மேலக்கோட்டையூரில் வைத்திருக்கிறோம். அங்கே படித்து வெளியே வரும் இளைஞர்கள் வேலையில்லாமல் ஜிம்களில் சொற்பச் சம்பளத்துக்குப் போகிறார்கள்.

ஏப்ரல், மே மாதங்களில்தான் தலைமையாசிரியர்கள் அடுத்த ஆண்டுக்கான கால அட்டவணையைப் போடுகிறார்கள். அதற்குள் பள்ளிக் கல்வித் துறையின் உத்தரவு போய்ச் சேர வேண்டும்: பொதுத்தேர்வு வகுப்புகள் உட்பட எல்லா வகுப்புக்கும் தினமும் ஒரு உடற்கல்வி வேளை, உச்சி வெயிலில் இல்லாமல் முதல் வேளையிலோ கடைசி வேளையிலோ, காலியிடங்களில் முழுநேர ஆசிரியர்கள், போட்டியில் வாங்கிய கோப்பையை எண்ணாமல், ஒவ்வொரு பிள்ளையும் தன் பழைய அளவிலிருந்து எவ்வளவு முன்னேறியது என்று காட்டும் பதிவேடு. ஆய்வுக்கு வரும் மாவட்டக் கல்வி அலுவலர் தேர்ச்சி விகிதத்தைக் கேட்ட கையோடு அந்தப் பதிவேட்டையும் கேட்கட்டும். அதில் விளையாட்டு வீரர்களின் பெயரை விட்டுவிட்டு, ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்த பையனின் பக்கத்தைத் திறந்து பார்க்கட்டும்.